ஆறில் நான்காமவர்

மாஹிம் நிலையத்தில் மாலை வண்டிக்காக நின்றிருந்தபோது, உடனிருந்த அன்பர் ஒருவர் கோவை நரேன் கார்த்திகேயனைப் பற்றிப் பேச்செடுத்து, "ஓடியது ஆறு கார், அதில் நாலாவதாக வந்தார். இதற்கா இத்தனை பெருமை?" என்று நகைத்தார். வண்டி வந்துவிட்டமையால் விடை கூற வாய்க்கவில்லை. அவ்விடையை நேயர்கள் முன் வைக்கிறேன்.

அன்பர் கூறியது பொய்யன்று. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த பார்முலா ஒன் பந்தயம் அது. அங்குள்ள வேகமான வளைவொன்றில் தங்கள் டயர் தாங்காது என்று மிஷலின் கம்பெனியாரே கைவிரித்துவிட, அவர்களது டயரைப் பூட்டிய பதினான்கு கார்களும் முன்னோட்டச் சுற்றோடு கொட்டகைக்குத் திரும்பின. எஞ்சியவை ஆறே. நம் நாட்டு நேரம் நள்ளிரவை நெருங்கியிருந்தது. அப்போது பள்ளிச் சிறுவனாயிருந்த நான், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியின் முன் கண்விழித்து உட்கார்ந்திருந்தேன். நரேனுக்கு 5 புள்ளிகள் கிடைத்தன. இந்தியர் ஒருவர் அப்பந்தயத்தில் பெற்ற முதற் புள்ளிகள் அவை; அவர் ஓடிய 46 பந்தயங்களிலும் அவர் பெற்ற மொத்தப் புள்ளிகளும் அவையே.

ஆனால் ஒருவரை அளப்பதற்கு அந்த ஓர் இரவு போதுமா?

நரேனின் தந்தையார் கார்த்திகேயன் தென்னிந்திய ராலிப் பந்தயத்தை ஏழு முறை வென்றவர். கோவையின் கரிவர்தன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் சமைத்துத் தந்தார். அவ்வகைக் காரில்தான் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் நரேன் பழகினார். பதினைந்து வயதில் பிரான்சு தேசத்துப் பயிற்சிப் பள்ளி. 1994-இல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்காலப் பட்டம். 1996-இல் பார்முலா ஆசியா பட்டம். 1999-இல் பிரிட்டிஷ் பார்முலா மூன்று வரிசையில், பிராண்ட்ஸ் ஹாச் தடத்தில் இருமுறை வென்றார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு அதே வரிசையில் நரேன் நான்காவதாக நின்றார். மூன்றாவதாக நின்றவர் ஜப்பானியராகிய தகுமா சாட்டோ. இருவரும் 1977 ஜனவரியில் பிறந்தவர்கள். நம்மவர் இரண்டு வாரம் மூத்தவர். சாட்டோ மறு ஆண்டு அங்கேயே தங்கிப் பட்டம் வென்றார் என்பதை மறைக்கலாகாது. ஆனால் அவர் பின்னால் ஹோண்டா கம்பெனி நின்றது. 2002-இலேயே, ஹோண்டா எஞ்சின் பூட்டிய ஜோர்டான் காரில் அவர் பார்முலா ஒன்னுக்குள் புகுந்தார்.

நரேனும் 2001-இல் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் குழுவின் காரைச் சோதனைக்கு ஓட்டினார். பார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆயினும் சோதனை வேறு, இடம் வேறு. சிறு குழுக்களில் இடம் பெற ஓட்டுநரே பெரும்பணம் திரட்டிக் கொணர்தல் வழக்கம். 2003-இல் மினார்டி குழு முன்வந்தபோது வேண்டிய தொகை திரளவில்லை. டாட்டா முதலிய நிறுவனங்களின் துணையோடு அவர் ஜோர்டான் காரில் ஏறியது 2005-இல். அதற்குள் அக்குழு கைமாறி நலிந்திருந்தது. பாசஞ்சர் எஞ்சினைப் பூட்டிவிட்டு எக்ஸ்பிரஸ் நேரம் கேட்பதுபோல் ஆயிற்று! அப்படியிருந்தும் மெல்போர்னில், முதற் பந்தயத்திலேயே, பன்னிரண்டாவதாகப் புறப்பட்டார். அதில் மழைக்கும் பங்குண்டு. ஆனால் மழை எல்லோர் மீதும்தான் பெய்தது.

அவரிடம் குறையே இல்லை என்பேனல்லேன். சீனத்துப் பந்தயத்தில் சுவரில் மோதினார். 2012-இல் மலேசியாவில் வெட்டல் காருடன் உராய்ந்தபோது, வெட்டல் அவரை 'வெள்ளரிக்காய்' என்று ஏசினார். நடுவர்களும் நம்மவருக்கே 20 வினாடி தண்டம் விதித்தனர். அப்போது அவர் ஓட்டியது ஹெச்.ஆர்.டி. என்னும் ஸ்பானியக் குழுவின் கார். வரிசையில் கடைசியில் நிற்பதே அதன் வாடிக்கை. அவ்வாண்டு இறுதியில் அக்குழுவே மூடப்பட்டது. வில்லியம்ஸ் என்னும் பெருங்குழுவில் 2006, 2007 ஆகிய ஈராண்டுகள் இருந்தார். அங்கோ சோதனை ஓட்டம் மட்டுமே, பந்தயம் இல்லை.

சரிசமமான கார் கொடுத்தால் என்ன செய்திருப்பார்? இதற்கு ஊகம் தேவையில்லை. ஏ-ஒன் ஜி.பி. என்றொரு பந்தயம் இருந்தது. நாட்டுக்கொரு கார், எல்லாம் ஒரே அச்சு, ஒரே எஞ்சின். 2007 டிசம்பர் 16 அன்று, மக்காவை அடுத்துள்ள ஜூஹாய் என்னும் சீன நகரில், அப்போட்டியில் இந்தியாவுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் நரேன். மறு ஆண்டு பிராண்ட்ஸ் ஹாச்சில் மீண்டும் வென்றார். 2019 நவம்பரில், நாற்பத்திரண்டு வயதில், ஜப்பானின் பியூஜி தடத்தில் ஜெர்மானியரும் ஜப்பானியரும் கலந்தோடிய பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அன்று அவர் ஓட்டியது ஹோண்டா கார்.

சாட்டோ பின்னர் அதே இண்டியானாபோலிஸில், புகழ்பெற்ற 500 மைல் பந்தயத்தை 2017-இலும் 2020-இலும் வென்றார். அவர் திறமையை யாரும் ஐயுறுவதில்லை. மாலை வண்டியில் அன்பரை மீண்டும் கண்டால், இண்டியானாபோலிஸை விட்டு, ஜூஹாயிலிருந்து பேச்சைத் தொடங்குவதாக இருக்கிறேன்.