சாரதி உதவித் தொழில்நுட்பமும் வன்னி வீதிகளும்: ஒரு மதிப்பீடு

யப்பானில் சில காலம் ஓடியபின் இலங்கைக்கு இறக்குமதியாகும் கார்கள் பலவற்றில் சாரதிக்கு உதவும் மின்னணுக் கருவிகள் இன்று இடம்பெறுகின்றன. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனவே கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் இத்தகைய கார்கள் பெருகும் என எதிர்பார்க்கலாம். இக்கருவிகள் எச்சூழலில், யாருக்கு, எந்த அளவுக்குப் பாதுகாப்பளிக்கின்றன என்பதை வன்னிப் பெருநிலப்பரப்பின் வீதிகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் தன்மையும்

கண்பார்வையற்ற அமெரிக்கப் பொறியியலாளரான றால்ப் ரீற்றர் உருவாக்கிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 1958 ஆம் ஆண்டு மாதிரிக் கிறைஸ்லர் கார்களில் இடம்பெற்றது. 1978 இல் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம், சில்லுகள் பூட்டிக்கொள்ளாது காக்கும் மின்னணு பிறேக்கை அறிமுகப்படுத்தியது. இவை வாகனத்தின் இயக்கத்தை மட்டுமே அளந்தன, வீதியை நோக்கவில்லை. கமராவும் றேடாரும் பொருத்தப்பட்ட பின்னரே கார் வெளியுலகைக் காணத் தொடங்கியது. முன்னே தடையிருப்பின் தானே பிறேக் பிடித்தல், ஒழுங்கைக் கோட்டை விட்டு விலகாது காத்தல், முன்செல்லும் வாகனத்துடன் இடைவெளி பேணல் என்பன இதனால் இயலக்கூடியவையாயின.

2014 இல் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் தன்னியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு படிகளாக வகுத்தது. இங்கு நாம் கருதும் உதவிக் கருவிகள் யாவும் இரண்டாம் படிக்குள் அடங்குபவை. அதாவது, வாகனம் செய்வன அனைத்துக்கும் சாரதியே பொறுப்பாளி.

நன்மைகள்

இக்கருவிகளின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 19 மீற்றருக்கு மேல் கடக்கின்றது. ஆபத்தை உணர்ந்து சாரதி பிறேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை விநாடி செல்லுமாயின், அதற்குள் 29 மீற்றர் கழிந்துவிடும். உலர்ந்த வீதியில் நிற்பதற்கு மேலும் ஏறத்தாழ 28 மீற்றர் தேவை. இயந்திரம் குறைப்பது முற்பகுதியையே. மோதலை முற்றாகத் தவிர்க்க இயலாதபோதும், வேகம் 70 இலிருந்து 50 ஆகக் குறைந்தால் மோதலின் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். இது உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாக அமையலாம்.

தானியங்கு பிறேக் பொருத்தப்பட்ட கார்கள், முன்செல்லும் வாகனத்தில் மோதும் விபத்துகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்துள்ளன என அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் கண்டறிந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 யூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயமாகும்.

வன்னி வீதியின் இயல்பு

எனினும், இயந்திரம் தனக்குக் கற்பிக்கப்பட்ட வீதியையே அறியும். வன்னியில் ஏ9 போன்ற பெருவீதிகள் போருக்குப் பின்னர் காப்பெற் இடப்பட்டுச் சீராக உள்ளன. வேகமும் அதற்கேற்ப உயர்ந்துள்ளது. ஆனால், அதே வீதியில் லான்ட்மாஸ்ரர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரம் விளக்கில்லாத பெட்டியை இழுத்துச் செல்கின்றது. அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் உலர்கின்றது. இரவில் கட்டாக்காலி மாடுகள் சூடு ஆறாத தார் மீது படுத்திருக்கின்றன. கிளை வீதிகளிலோ கிரவலே உண்டு. கமரா பின்பற்றக் கோடே இல்லை.

2022 இல் வெளியான மேற்குறித்த நிறுவனத்தின் ஆய்வு ஒன்று இவ்விடத்து முக்கியமானது. பாதசாரியைக் கண்டறியும் பிறேக் அத்தகைய விபத்துகளை 27 சதவீதம் குறைத்ததாயினும், வீதி விளக்கற்ற இருளில் அதனால் எவ்வித வேறுபாடும் காணப்படவில்லை. வன்னி வீதிகளில் பெரும்பகுதி அத்தகைய இருளுக்குரியதே. விலங்குகள் தொடர்பிலும் இதே குறைபாடு உண்டு. சுவீடன் நாட்டு மான்களை அறிந்திருந்த வொல்வோவின் கருவி, துள்ளிச் செல்லும் கங்காருவின் தூரத்தைக் கணிக்க இயலாது தடுமாறியதை அந்நிறுவனமே 2017 இல் அவுஸ்திரேலியாவில் ஒப்புக்கொண்டது.

மொழிப் பிரச்சினையும் சிறியதன்று. யப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரான கார் தனது எச்சரிக்கையை யப்பானிய மொழியிலேயே சொல்கின்றது. பொருள் விளங்காத எச்சரிக்கை சாரதிக்கு வெறும் ஓசையே. முன்கண்ணாடியை மாற்றினால் கமராவை மீண்டும் அளவுதிருத்த வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

சாரதியின் கவனம்

தன்னியக்கம் பெருகப் பெருக மனிதனுக்கு எஞ்சுவது கண்காணிக்கும் வேலையே. மனிதன் மிகக் குறைந்த திறனுடன் செய்யும் வேலையும் அதுவே. பிரித்தானிய உளவியலாளர் லிசான் பெயின்பிறிட்ஜ் 1983 இல் தொழிற்சாலைகளை முன்வைத்து எழுதிய கட்டுரையில் இம்முரண்பாட்டை விளக்கினார். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், இரவில் துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருவரை ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. அப்பெண்ணைக் காரின் கணினி இன்ன பொருளென உறுதிசெய்ய இயலாது மாறி மாறி வகைப்படுத்தியது; கண்காணிக்க அமர்த்தப்பட்டவரின் பார்வை கைத்தொலைபேசியில் இருந்தது. அக்கார் உதவிக் கருவிகளிலும் மேம்பட்ட தன்னியக்கத்தைச் சோதித்தது என்பது உண்மையே. ஆயினும், இருளில் துவிச்சக்கர வண்டியுடன் செல்லும் மனிதர் வன்னியில் அன்றாடக் காட்சி என்பதை நாம் மறத்தலாகாது.

யாருக்கான பாதுகாப்பு?

காரை வாங்க வசதியுள்ளவர் காரின் உள்ளே இருக்கின்றார். கூலிவேலை முடித்து வீடு திரும்புபவர் வெளியே இருக்கின்றார். இக்கருவிகள் இன்று முதலாமவரையே நன்கு காக்கின்றன. கருவியை நம்பி அவர் வேகத்தைக் கூட்டுவாராயின், ஆபத்தைச் சுமப்பவர் இரண்டாமவரே.

ஆகவே, தொழில்நுட்பத்தை மறுப்பது தீர்வாகாது. அதன் பயன் எங்கு மிகுதியோ அங்கு அதனைக் கொண்டுசெல்லல் வேண்டும். வன்னியை ஊடறுத்து இரவு முழுதும் ஓடும் பேருந்துகளிலும் லொறிகளிலும் ஒரு சாரதியின் தூக்கம் பல உயிர்களைப் பறிக்கக்கூடும். ஐரோப்பா 2013 முதல் படிப்படியாகப் பாரவூர்திகளுக்குத் தானியங்கு பிறேக்கைக் கட்டாயமாக்கியமை இதனாலேயே பொருத்தமுடைத்து. அத்துடன் உழவு இயந்திரப் பெட்டிக்கு ஒளிதெறிக்கும் பட்டி, துவிச்சக்கர வண்டிக்குப் பின்விளக்கு, சந்திகளுக்கு வீதி விளக்கு, தெளிவான வெள்ளைக் கோடு ஆகியவையும் வேண்டும். மலிவான இவை மனிதக் கண்ணுக்கும் கமராவுக்கும் ஒருங்கே உதவுவன, காரில்லாதவரையும் காப்பன. வன்னியின் வீதிப் பாதுகாப்புத் திட்டம் இவற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.