ஏறாத பேருந்து

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தைப் பார்த்தாலே ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறாமல் வீடு திரும்புகிறார். உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. ஏறாமல் விட்டதால்தான் தப்பித்தோம் என்று மூளை பதிந்துகொள்கிறது.

எக்ஸ்போஷர் தெரபி கைவைப்பது இந்த இடத்தில்தான். ‘ஏறினால் என்ன ஆகும்?’ என்று சிகிச்சையாளர் கேட்கிறார். ‘மயங்கி விழுந்துடுவேன்’ என்கிறார் நோயாளி. முதலில் நிற்கும் பேருந்தில் உட்காருகிறார். பிறகு அடிவாரம் வரை. அப்புறம் முதல் கொண்டை ஊசி வளைவு. வியர்க்கிறது, ஆனால் மயக்கம் வரவில்லை. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதே பாடம். பழைய பயம் அழிந்துவிடாது. அதன் பக்கத்தில் புதிய நினைவு ஒன்று வலுப்பெறுகிறது. அதனால் மழையிலும் இருட்டிலும் தனியாகவும் பழக வேண்டும். பயந்த பிள்ளையைக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குவது இதில் சேராது. ஒவ்வொரு படியும் நோயாளியின் சம்மதத்தோடுதான்.

பாம்பு, உயரம் போன்ற குறிப்பிட்ட பயங்களுக்கு அதிகபட்சம் மூன்று மணி நேர ஒரே அமர்வு போதும் என்று ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989-இல் எழுதினார். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது போன்ற கட்டாயச் செயல்களில் சிக்கவைக்கும் ஓசிடிக்கு 1966-இலேயே விக்டர் மேயர் இவ்வழியில் பலன் கண்டார். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு எட்னா ஃபோவா உருவாக்கிய முறைக்கும் வலுவான சான்று உண்டு. குடிப்பழக்கத்தில்தான் சறுக்கல். மதுவைப் பார்த்து, முகர்ந்து, குடிக்காமல் இருக்கப் பழக்கும் முறைக்குக் கிடைத்த பலன் சொற்பமே. வேட்கை வேறு, பயம் வேறு.

கள்ளக்குறிச்சிக்கு இந்த வேறுபாடு முக்கியம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. குடியை விட முடியாதவருக்கு ஒரு சிகிச்சை வேண்டும். கண்ணெதிரே கணவனைப் பறிகொடுத்து, அந்தக் காட்சி இன்றும் துரத்தும் மனைவிக்கு வேண்டியது வேறு.

மலைக்கு மனநல நிபுணர் எப்போது வருவார் என்று காத்திருக்கவும் தேவையில்லை. சுனாமிக்குப் பின் வடகிழக்கு இலங்கையில் பேரதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட 31 சிறுவர்களுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். நடந்ததைக் கோவையாகச் சொல்லவைத்த குழுவில் ஆறு மாதத்தில் 81 சதவீதம் பேர் மீண்டார்கள். தியானக் குழுவில் 71. வித்தியாசம் பெரிதல்ல, ஆய்வும் சிறியது, சிகிச்சையே பெறாத குழுவும் அதில் இல்லை. ஆனாலும் உள்ளூர்க்காரர்களால் இதை நடத்த முடிந்தது. கல்வராயன் மலையின் கிராமச் செவிலியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.