மஞ்சள் பாலும், மறைத்து வைத்த கட்டியும்!

மேற்கு தாம்பரத்தில் வசிக்கும் இல்லத்தரசி நான், வயது, 52. என் ஓரகத்திக்கு நேர்ந்ததையும், அதில் என் பங்கு என்ன என்பதையும் எழுத நினைத்து, பலமுறை பேனாவை மூடி வைத்திருக்கிறேன். இன்று எழுதியே விட்டேன்.

பெருங்களத்தூரில் இருக்கும் ஓரகத்தியை, 'அக்கா' என்று தான் கூப்பிடுவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தை வெள்ளியன்று, அடுப்படியில் என்னை தனியே அழைத்து, 'மார்ல ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுது. வலி ஒண்ணும் இல்லே. வீட்டுல யார்கிட்டேயும் சொல்லிடாதேடி...' என்றார்.

'வலிக்காத கட்டி தானே...' என, நானும் அலட்சியமாக இருந்து விட்டேன். அதோடு நின்றேனா... வாட்ஸ் ஆப்பில் வந்ததை எல்லாம் படித்து, 'மஞ்சள்ல இருக்கிற குர்குமின், கேன்சரையே கொல்லுமாம்க்கா...' என்று, எல்லாம் தெரிந்தவள் போல பேசினேன். சண்முகம் சாலை மார்க்கெட்டில் விரலி மஞ்சள் வாங்கி, அரைத்து கொடுத்தேன். எங்கிருந்தோ முள் சீத்தா இலை வரவழைத்து, கஷாயம் போட சொன்னதும் நான் தான்.

ஐந்து மாதம் ஓடியது. நெல்லிக்காய் அளவில் இருந்த கட்டி, எலுமிச்சம் பழ அளவானது. அதன்பின் தான், அக்காவின் மகள் கண்டுபிடித்து, அழுது, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மார்பக புற்றுநோய்!

டாக்டரம்மா எங்களை திட்டவில்லை. 'மஞ்சள் நல்லது தாம்மா; தினமும் சமையல்ல சேருங்க. ஆனா, வந்த கட்டியை அது கரைக்காது. அஞ்சு மாசத்தை வீணாக்கிட்டீங்களே...' என்றார். ஒரு பக்க மார்பகத்தை எடுக்க வேண்டியதாயிற்று. அன்று வீடு திரும்பும் போது, ரயிலில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை என்னால்.

பிறகு, அக்காவுக்கு ஊசி மருந்து ஏற்றினர். அதில் ஒன்றின் பெயர், பாக்லிடாக்சல். அதுவும் தாவரத்தில் இருந்து வந்தது தான் என அறிந்தபோது, திகைத்துப் போனேன். 1960களில், அமெரிக்காவில், பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கண்டெடுத்ததாம். நம் காம்பவுண்டு ஓரம் பூத்து நிற்கும் நித்ய கல்யாணியில் இருந்தும், வின்கிரிஸ்டின் என்ற ரத்த புற்றுநோய் மருந்து எடுக்கின்றனர். ஆனால், பிரித்தெடுத்து, மில்லி கிராம் கணக்கில் அளந்து, ரத்த பரிசோதனை பார்த்து ஏற்றினால் தான் அது மருந்து. இலையை பறித்து தின்றால், விஷம்!

நான் கொடுத்த மஞ்சள் ஏன் உதவவில்லை என்றும் தெரிந்து கொண்டேன். மஞ்சள் தூளில் குர்குமின், சுமார் 3 சதவீதம் தான். அதையும் குடலும், ஈரலும் உடனே மாற்றி, வெளியே தள்ளி விடும்; ரத்தத்தில் சேர்வது மிக மிக குறைவு. சோதனைக் குழாயில் புற்று செல்லை அழிப்பது வேறு; மனித உடம்புக்குள் அழிப்பது வேறு. மிளகு சேர்த்தால் குர்குமின் பல மடங்கு கூடுதலாக உடலில் சேரும் என, பெங்களூரு மருத்துவக் கல்லூரி ஒன்றில், 1998ல் கண்டறிந்தது உண்மை. அதற்காக, மஞ்சளும், மிளகு சத்தும் சேர்ந்த மாத்திரைகளை அளவின்றி விழுங்கி, ஈரல் கெட்டவர்களும் உண்டு. முள் சீத்தாவோ, தொடர்ந்து சாப்பிட்டால், நரம்பு தளர்ச்சி நோயில் கொண்டு விடலாம் என்கின்றனர்.

'சத்து தானே, மாத்திரையாக சாப்பிட்டால் என்ன?' என்று கேட்பவர்களுக்கு, ஒரு தகவல்... பின்லாந்தில், 29 ஆயிரம் புகைப்பிடிப்பவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை, மாத்திரையாக சாப்பிட்டவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகமானது. 1994ல் வெளிவந்த முடிவு இது.

அப்படியானால், காய், கீரையால் பயன் இல்லையா? நிச்சயம் உண்டு, தட்டில் சோறோடு சேரும்போது! முட்டைக்கோஸ், முள்ளங்கியை நறுக்கும்போது, அதிலுள்ள கந்தக சத்து, உடலுக்கு பாதுகாப்பு தரும் பொருளாக மாறுகிறது. குழைய வேக வைத்தால், அது வீணாகும். அரை வேக்காடாக எடுப்பது நல்லது. பூண்டை தட்டி, 10 நிமிடம் வைத்திருந்து, பின் வதக்கலாம். தக்காளியின் சிவப்பு சத்தும், முருங்கைக் கீரையின் கரோட்டினும், சிறிது எண்ணெய் விட்டு சமைத்தால் தான் உடலில் ஒட்டும். நார்ச்சத்து, பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை குறைக்கும். ஒரு நாளைக்கு, காய், பழம் சேர்த்து, 400 கிராம் என்கிறது, உலக சுகாதார நிறுவனம். நம்மில் பலர், கணவர், பிள்ளைகளுக்கு பரிமாறி விட்டு, மிச்ச குழம்போடு முடித்துக் கொள்கிறோமே... அதை முதலில் மாற்றுவோம்.

ஆனாலும், கீரை சாப்பிடுகிறவர்களுக்கும் புற்றுநோய் வரலாம். அபாயத்தை குறைக்குமே தவிர, வராது என்ற உத்தரவாதம் எதற்கும் இல்லை.

சென்னை பெண்களிடம், ஒரு காலத்தில் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது. இப்போது, மார்பக புற்றுநோய். இரண்டையும் ஆரம்பத்தில் கண்டால், குணமாக்க வாய்ப்பு அதிகம். 30 வயதை தாண்டியவர்களுக்கு, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவச பரிசோதனை உண்டு. தன் தங்கையை புற்றுநோய்க்கு பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954ல் துவக்கி, டாக்டர் சாந்தா, 2021ல் மறையும் வரை கட்டிக் காத்த மருத்துவமனையும், நமக்கு அருகில், அடையாறில் தான் இருக்கிறது.

இப்போது, அக்கா நலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு செல்கிறார். கஷாயம் கொடுத்த என்னை, ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது தான் என்னை சுடுகிறது.

சகோதரிகளே... வலிக்காத கட்டியும் பயப்பட வேண்டிய கட்டி தான். யாராவது உங்கள் காதில் ரகசியமாக சொன்னால், கை வைத்தியம் சொல்லாதீர்கள். கையை பிடித்து டாக்டரிடம் அழைத்து செல்லுங்கள். வரும்போது, ஒரு கட்டு முருங்கைக் கீரை வாங்கி வரலாம்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேற்கு தாம்பரம்.