உள்ளே இருந்தது நம்ம கடுக்காய்... ஜாடிக்கு இப்போ விலை பல லட்சம்! இத்தாலி மருந்து ஜாடிகளை ஏன் தேடித்தேடி வாங்குகிறார்கள்?

ஜவ்வாது மலை என்றதும் காவலூர் வானாய்வகம், சாமை, தேன், பலாப்பழம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். கடுக்காய் யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது. மலைவாழ் மக்கள் காட்டில் பொறுக்கி, காயவைத்து, மூட்டை கட்டி விற்கும் சிறுவனப் பொருட்களில் அதுவும் ஒன்று. 2020-ல் மத்திய அரசு இந்தப் பொருட்களுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையைத் திருத்தியபோது, கடுக்காய்க்குக் கிலோ 15 ரூபாய்தான்.

இதே கடுக்காயை வைப்பதற்கென்று சுமார் 500 வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில் தனியாக ஜாடி செய்திருக்கிறார்கள். வெளியே பேர் எழுதி, பூப்போட்டு, நீலமும் மஞ்சளுமாக வண்ணம் தீட்டிய ஜாடி. அந்தக் காலத்து ஜாடி ஒன்று நல்ல நிலையில் ஏலத்துக்கு வந்தால் பல லட்சம் ரூபாய்க்குப் போகிறது.

ஆல்பரெல்லோ என்றால் என்ன?

பழைய இத்தாலிய மருந்துக்கடைகளின் அலமாரி ஜாடிக்குப் பெயர் ஆல்பரெல்லோ. உயரமாக, இடுப்பு மட்டும் லேசாக ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. வரிசையாக நெருக்கி அடுக்கினாலும், நடுவில் கைவிட்டு ஒன்றை மட்டும் உருவி எடுக்க முடியும். மூடி கிடையாது. வாயைச் சுற்றி விளிம்பு இருக்கும். அதன்மேல் தோலோ துணியோ போட்டுக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். நம்ம பாட்டி ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவது ஞாபகம் வருதா? அதேதான்.

இந்த வடிவம் இத்தாலியர்கள் கண்டுபிடித்தது இல்லை. சிரியா, பாரசீகம் பக்கம் பிறந்து, ஸ்பெயின் வழியாகவும் கடல் வணிகம் வழியாகவும் இத்தாலிக்குப் போனது. 1430-31-ல் ஃப்ளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனை, ஜுந்தா தி துஜோ என்ற குயவரிடம் ஏறக்குறைய ஆயிரம் ஜாடி வாங்கியது. அவற்றில் மருத்துவமனையின் சின்னமான ஊன்றுகோல் வரைந்திருக்கும். ஆயிரத்தில் தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதுக்குள்ளே கடுக்காய் எப்படிப் போச்சு?

அந்தக் கால ஐரோப்பிய வைத்தியத்தில் 'மிரோபலான்' என்று ஐந்து வகைக் காய்கள் உண்டு. அதில் மூன்று, கடுக்காயின் வெவ்வேறு வகைகள் அல்லது பருவங்கள். மற்ற இரண்டும் தான்றிக்காயும் நெல்லிக்காயும். மூன்று மரத்துக் காயையும் சேர்த்துப் பாருங்க... நம்ம திரிபலா! இந்தச் சொல்லே அரபியில் 'இத்ரிஃபல்' ஆகி மருந்துப் பெயராக நின்றுவிட்டது. சரக்கும் இந்தியத் துறைமுகங்களில் கப்பல் ஏறி, செங்கடல், அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் போய்ச் சேர்ந்தது. அங்கே பாகில் ஊறவைத்த கடுக்காய்க்குத் தனி ஜாடி. புளிக்கும் தனி ஜாடி உண்டு. அதன் ஐரோப்பியப் பெயரான 'தமரிந்த்'துக்கே 'இந்தியப் பேரீச்சை' என்றுதான் மூலப்பொருள்.

வேடிக்கை என்னவென்றால், வாங்கிச் சாப்பிட்டவர்களில் பலருக்கு ஐந்தும் ஒரே மரத்துக் காயா, வேறு வேறா என்பதே தெரியாது. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-ல் அச்சிட்ட தன் நூலில்தான் இவை வெவ்வேறு மரத்துக் காய்கள் என்று விளக்கினார். நம்ம நாட்டு வைத்தியருக்கு அது முதல் பாடம்!

ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு இந்தக் காய் வேறு விதத்தில் பழக்கம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிட ஆவாரம்பட்டையோடு கடுக்காயும் காலங்காலமாகச் சேர்த்தார்கள். துணிக்குச் சாயம் பிடிக்கவும் இதுதான்.

அசலா, கடுக்காயா?

தமிழில் ஏமாற்றுவதை 'கடுக்காய் கொடுப்பது' என்போம். இந்த ஜாடிச் சந்தையில் அது இரண்டு அர்த்தத்திலும் பொருந்தும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய பாணிக்குத் திடீர் மவுசு வந்தது. ஃப்ளோரன்ஸில் கந்தகல்லி என்ற நிறுவனம் பழைய ஜாடிகளைப் பார்த்து அச்சு அசலாகச் செய்தது. அவர்கள் மறைக்கவில்லை, அடியில் சேவல் முத்திரை போட்டார்கள். ஆனால் முத்திரையைச் சுரண்டிவிட்டு '16-ஆம் நூற்றாண்டு' என்று விற்க ஆளா இல்லை?

எனவே, முதலில் ஜாடியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். இது சுட்ட களிமண்ணின்மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு. பூச்சு உதிர்ந்த இடத்தில் மண் நிறம் தெரியும். உள்ளேயும் வெண்மையாக, பீங்கான் போல இருந்தால் சந்தேகப்படுங்கள். ஐந்நூறு வருஷம் அலமாரியில் ஏறி இறங்கிய ஜாடிக்கு விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை என்றாலும் சந்தேகம்தான். ஒட்டுப்போட்டு வண்ணம் பூசிய இடம் புற ஊதா விளக்கில் தனியாகத் தெரியும். பெரிய தொகை என்றால், மண் எப்போது சுடப்பட்டது என்று கணிக்கும் ஆய்வகச் சோதனையும் இருக்கிறது.

காரைக்குடி பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, கண்ணாடிச் சாமான் நிறையக் கிடைக்கும். அங்கே ஒருவர் 'இத்தாலி மருந்து ஜாடி சார்' என்று நீட்டினால், உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருட்கள் தொல்பொருள் கணக்கில் வரும். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை. ஆக, ஆன்லைனில் விற்று வெளிநாட்டுக்குப் பார்சல் போடலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால் கேட்காதீர்கள். வயதில் சந்தேகம் இருந்தால், அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் சான்று வாங்க வேண்டும்.

சரி, வாங்கியாச்சு... ஊறுகாய் போடலாமா?

கூடவே கூடாது. அந்தக் காலப் பூச்சில் ஈயம் உண்டு. புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். உப்பு, எலுமிச்சை, புளி எதுவுமே வேண்டாம். பூ வைப்பதென்றாலும் உள்ளே தனியாக ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

காசு செலவழிக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் மூன்றும் தங்கள் ஜாடிப் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. போனிலேயே பெரிதாக்கி, ஜாடியின் வயிற்றில் எழுதியிருக்கும் மருந்துப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.