ஐந்து கோல் வாங்கிய பிறகு என்ன செய்தார் ராஜகோபால்?

பெண்டாங் வட்டாரத் தோட்டங்களில் மாலை நேரம் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு 2010 டிசம்பர் மாதம் நினைவில் இருக்காது. அவர்களுடைய அப்பாக்களுக்கு மறந்திருக்காது. அந்த மாதம்தான் மலேசியா முதன்முறையாகச் சுசுகி கிண்ணத்தை வென்று தென்கிழக்காசியக் காற்பந்தின் வெற்றியாளர் ஆனது. பயிற்றுநர் நம்மவர், கே. ராஜகோபால்.

2009இல் பி. சத்தியநாதனுக்குப் பிறகு தேசியக் குழுவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. முதல் ஆண்டே சோதனை. லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டிக்கு 23 வயதுக்குட்பட்டோர் குழுவை அழைத்துச் சென்றார். கல்லூரியில் படிக்கும் வயதுப் பையன்கள். நம் கெடாவின் பட்ரோல் பக்தியாரும் அதில் ஒருவர். பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 1-3 என்று தோற்றார்கள். இறுதியாட்டத்தில் வந்து நின்றதும் அதே வியட்நாம்தான். இம்முறை 1-0. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் நாடு திரும்பியது.

அடுத்த ஆண்டு சுசுகி கிண்ணம். டிசம்பர் 1, ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5! இத்தனை பெரிய தோல்விக்குப் பிறகு இந்தக் குழு கிண்ணம் வாங்கும் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

போட்டி தொடங்கிய பிறகு புது ஆட்டக்காரர்களைத் தேட முடியாது. இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் ஓட்டையை அடைக்க வேண்டும். தாய்லாந்துடன் 0-0. லாவோஸுக்கு எதிராக 5-1. அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாமுடன் 2-0, 0-0. டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கில் இறுதியின் முதல் ஆட்டம். எதிரே மீண்டும் இந்தோனேசியா. இம்முறை 3-0! ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் விட்ட குழு, அடுத்த ஐந்து ஆட்டங்களில் விட்டது ஒன்றே ஒன்று.

டிசம்பர் 29, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என வென்றோம். ஐந்து கோல்களுடன் சாஃபி சாலி போட்டியின் முன்னணி கோல் வீரர் ஆனார். கே. குருசாமியும் எஸ். குணாளனும் அந்தக் குழுவில் இருந்தார்கள். வெற்றியைக் கொண்டாட டிசம்பர் 31 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது.

விடுமுறை ஒருநாளில் முடிந்துவிடும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது டிசம்பர் 1க்குப் பிறகு நடந்த வேலையை. நல்ல பயிற்றுநர் தோல்வியே காணாதவர் அல்லர். தோற்ற மறுநாள் எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்தவர். அதற்குப் பிள்ளைகளும் திடலுக்குத் திரும்பி வர வேண்டும். அந்தப் பாதி நம் வீட்டில் இருக்கிறது.

உங்கள் மகனின் பள்ளிக் குழுவும் ஒருநாள் 1-5 என்று தோற்று வரலாம். "பந்து சோறு போடுமா?" என்று அவன் பூட்ஸை எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அடுத்த பயிற்சி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.