அறுந்ததா, அறுத்தார்களா?

உறவு முடிந்துபோவதைச் சொல்லும் தமிழ் வினைச்சொற்கள் பெரும்பாலும் இரட்டையாகவே இருக்கின்றன. பிரிந்தார்கள், பிரித்தார்கள். விலகினாள், விலக்கினார்கள். முறிந்தது, முறித்தான். அறுந்தது, அறுத்தார்கள். முதலில் வருவது தானாக நிகழ்ந்தது. அடுத்து வருவது ஒருவர் செய்தது. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறினாலோ, ஒரு வல்லெழுத்து இரட்டித்தாலோ போதும், பொறுப்பு ஓர் ஆளின் தலையில் ஏறிவிடும். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், “ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்க” என்று பதில் வந்தால் விசாரிப்பு அதோடு நின்றுவிடும். “பிரிச்சிட்டாங்க” என்று வந்தாலோ, “யாரு?” என்ற கேள்விதான் அடுத்து வரும்.

இவற்றில் பழையதும் மென்மையானதும் பிரிவு. சங்க இலக்கியத்தில் அது பாலைத் திணையின் உரிப்பொருள். பொருள் தேடவும் போருக்கும் தூதுக்கும் கல்விக்கும் தலைவன் பிரிகிறான். திரும்பி வருவான் என்று தலைவி காத்திருக்கிறாள். அங்கே பிரிவு என்றால் தொலைவு, முடிவு அல்ல. திருக்குறள் 116ஆம் அதிகாரமான பிரிவாற்றாமையும் இந்தப் பிரிவைப் பற்றியதுதான். இன்றைய சட்டமும் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி நீதிமன்றம் கணவன் மனைவியைப் பிரிந்து வாழ அனுமதிக்கலாம். ஆனால் திருமணம் அப்படியே இருக்கும், இருவரில் எவரும் மறுமணம் செய்ய முடியாது. திருமணத்தையே முடித்துவைப்பது 13ஆம் பிரிவு.

முடிவைச் சொல்லத் தமிழர் கூசுவார்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் “போறேன்” என்று சொல்வதில்லை, “போயிட்டு வரேன்” என்பார். தாலிக்கயிறு இற்றுப்போனால் அறுந்தது என்று வாயால் சொல்லக்கூடாது; “தாலி பெருகிற்று” என்பது மரபு. இலக்கண நூல்கள் இதை மங்கல வழக்கு என்கின்றன.

அப்படி மறைக்கப்படும் சொல்லே கூவாகத்தில் ஒரு சடங்கின் பெயராக நிற்கிறது. உளுந்தூர்பேட்டையை அடுத்த இந்தக் கிராமம் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். சித்திரையில் 18 நாள் நடக்கும் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். அவர்களில் பலர் தங்குவது விழுப்புரம் நகர விடுதிகளில்தான். பாரதப் போரில் பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியாகும் அரவான், சாவதற்கு முன் மணம் முடிக்க விரும்பினான், கண்ணனே மோகினியாக வந்து அவனை மணந்தான் என்பது கதை. அந்த மோகினியாகத் தங்களைக் கருதித் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். சுற்றுவட்டார ஆண்களும் நேர்த்திக்கடனாகக் கட்டிக்கொள்வது உண்டு. இரவு முழுக்க ஆட்டமும் கும்மியும். மறுநாள் தேரில் ஊர்வலம் போகும் அரவான் பலியாகிறான். தாலி அறுக்கப்படுகிறது, வளையல் உடைக்கப்படுகிறது, பூ பிய்த்தெறியப்படுகிறது. ஒப்பாரி வைத்து அழுத பிறகு குளித்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஊர் திரும்புகிறார்கள். இதற்குப் பெயர் தாலி அறுப்பு. ஒரே நாளில் மனைவியாகிக் கைம்பெண்ணாவோரின் அந்த அழுகை வெறும் சடங்கு அழுகை அல்ல. குடும்பம் அறுத்துவிட்ட உறவுகளுக்கும் சேர்த்து அழுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு.

கூவாகத்துக்கு வெளியே இதே சொல் கொடுமையானது. கணவனை நோய் கொண்டுபோகிறது. தாலியை உறவினர் கழற்றுகிறார்கள். ஆனால் ஊர் வாயில் அந்தப் பெண் “தாலி அறுத்தவள்”. அறுந்தது என்றுகூட இல்லை, அறுத்தாள் என்று அவளே செய்ததுபோல். அறுதலி என்ற வசவும் அங்கிருந்து பிறந்ததுதான். கணவன் அனுப்பிவிட்ட பெண்ணுக்கு வாழாவெட்டி என்று பெயர். அனுப்பியவனுக்கு அப்படி ஒரு பெயர் தமிழில் இல்லை. செய்தவர் யார் என்று இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டும் மொழி, பெண் விஷயத்தில் மட்டும் வினையைத் தப்பான ஆளோடு சேர்த்துவிட்டது.

ஊர்ப் பஞ்சாயத்தின் சொல் இதைவிட நியாயமானது: தீர்த்துவிடுதல். கடன் தீர்கிறது, நோய் தீர்கிறது, வழக்கு தீர்கிறது. அந்த வரிசையில் திருமணமும். நகை, சீர், பாத்திரம் எல்லாம் கணக்குப் பார்த்துத் திருப்பித் தந்த பிறகு இரு தரப்புக்கும் பாக்கி இல்லை. எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்கள் பற்றி 1909இல் வெளியிட்ட 7 தொகுதிகளில், பலர் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்து மணத்தை முடிக்கும் வழக்கம் பதிவாகியுள்ளது. துரும்பு கொடுத்தல் என்றாலே மணவிலக்கு என்று பொருள். இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2)ஆம் பிரிவு, வழக்காற்றின்படி மணத்தைத் தீர்த்துக்கொள்ளும் உரிமையை விட்டுவைத்திருக்கிறது. அப்படி ஒரு வழக்காறு உண்டு என்பதை மட்டும் அதைச் சொல்பவர் நிரூபிக்க வேண்டும்.

நாளிதழ்களில் வரும் விவாகரத்து ஓர் ஒட்டுச்சொல். விவாகம் வடமொழி, ரத்து அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. விழுப்புரம் சந்திப்பில் ரயில் ரத்து என்று அறிவிக்கும் அதே ரத்துதான். மணமுறிவு என்றால் தானே முறிந்தது. மணவிலக்கு என்றால் கேட்டுப் பெற்றது. 1976இல் பரஸ்பர சம்மதத்துக்கு இடம் தரும் 13பி பிரிவு சேர்ந்த பிறகு, ஓராண்டு பிரிந்து வாழ்ந்த இருவர் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சுமத்தாமலே சேர்ந்து மனுப் போட முடிகிறது. அவர்களுக்கு மணவிலக்கு என்ற சொல்லே பொருந்தும்.

உடன்பிறந்தவர்களுக்கு வேறு சொற்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து நிலத்தைப் பிரித்துக்கொள்ளலாம். தன் பங்கைக் கூடப்பிறந்தவருக்கு விட்டுக்கொடுப்பவர் எழுதித் தருவது விடுதலைப் பத்திரம். சொத்து பிரிந்தாலும் பங்காளி பங்காளிதான். சாவு விழுந்தால் தீட்டு உண்டு, கருமாதிக்கு வந்து நிற்க வேண்டும். அந்த உறவையும் வேண்டாம் என்பவர் “தலைமுழுகிட்டேன்” என்பார். இழவு வீட்டுக் குளியலை உயிரோடு இருப்பவருக்கே செய்துவிட்டதாக அர்த்தம். இதற்கு மேல் கடுமையான சொல் பேச்சு வழக்கில் இல்லை.

வட்டாட்சியர் அலுவலகத்தில் மாத உதவித்தொகைக்குத் தரும் மனுவில் “கணவனால் கைவிடப்பட்டவர்” என்று எழுதுகிறார்கள். அது வறண்ட அரசாங்கத் தமிழ்தான். ஆனால் ‘கணவனால்’ என்ற அந்த ஒரு சொல் கைவிட்டவன் யார் என்பதைச் சரியாகச் சொல்கிறது. அந்த அளவு நேர்மை தெருப்பேச்சுக்கும் வரவேண்டும். வாழாவெட்டி, அறுதலி என்ற இரண்டு சொற்களையும் இனி எந்தப் பெண்ணைப் பார்த்தும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் காதில் விழும்படியும் சொல்லாதீர்கள்.