துரு வேறு, கருமை வேறு

வேலூர் ஊரீசுக் கல்லூரியின் தெலுங்குப் பண்டிதர் ஒருவர், பலனை எதிர்பாராமல் வேலை செய்வது எப்படி என்று ரமண மகரிஷியிடம் கேட்டார். உடனே பதில் வரவில்லை. பிறகு மலைமேல் நடந்தபோது வழியில் கிடந்த முள்கொம்பு ஒன்றை ரமணர் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முட்களைச் சீவினார். கணுக்களை மழித்தார். கடைசியில் சொரசொரப்பான ஓர் இலையால் கொம்பு முழுவதையும் தேய்த்து வழவழப்பாக்கினார். ஆறு மணி நேரம் ஆயிற்று. கிளம்பிய வழியில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் கோலைத் தொலைத்துவிட்டு நின்றான். அவனிடம் அதைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

திருவண்ணாமலை ரமணாசிரமத்துப் பக்கம் இந்தக் கதையை வேதாந்தத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்த இலைமேல்தான் கண். உப்புத்தாள் வருவதற்கு முன்பு நம் தச்சர்கள் மரத்தை இழைத்து முடித்ததும் பிராய் இலையால் தேய்ப்பார்கள். பராய் என்றும் சொல்வார்கள். திருச்சிக்கு அருகிலுள்ள திருப்பராய்த்துறைக்குப் பெயர் கொடுத்ததும் இந்த மரமே. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும் கருவி, அதைப் பிடித்திருக்கும் பொறுமையான கை: பழைய கத்திகளையும் கைக்கோடாலிகளையும் மீட்டெடுக்க வேண்டியதில் பாதி இதுதான். எதைத் தேய்க்கக் கூடாது என்று தெரிந்திருப்பது மறுபாதி.

எங்கே தேடுவது

ஆசிரமத்தைத் தொட்டுக்கொண்டு போகும் செங்கம் சாலையிலேயே தொடங்கலாம். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் போனது. பல்லவர் காலத்துக் கற்களில் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்திய வீரர்கள் நிற்கிறார்கள். அந்த ஆயுதங்கள் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. நமக்குக் கிடைப்பது வயலிலும் அடுக்களையிலும் உழைத்த இரும்பு: கொடுவாள், கருக்கரிவாள், கைக்கோடாலி, பாக்குவெட்டி, வாச்சி, அரிவாள்மணை.

பழைய இரும்புக் கடைகளில் இவை கிலோக் கணக்கில் விலை போகின்றன. கடைக்காரருக்கு உடைந்த ஜன்னல் கம்பியும் நல்ல கோடாலித் தலையும் ஒரே தராசுதான். கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையிலும் ஒரு சுற்று வந்து பார்க்கலாம். ஆசிரமத்தைச் சுற்றி மாதக்கணக்கில் வாடகைக்குத் தங்கும் வெளிநாட்டவர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போகும் சாமான்களில் ஒப்பினல் போன்ற பிரெஞ்சு மடக்குக்கத்தி தென்பட்டால் அதிர்ஷ்டம்.

கத்திக்குள் இருக்கும் கதை

இரும்பில் கலந்திருக்கும் கரியின் அளவுதான் கத்தியின் ஜாதகம். கரி அநேகமாக இல்லாத தேனிரும்பு வளையுமே தவிர உடையாது. ஆனால் அதில் வாய், அதாவது வெட்டும் கூர், நிற்காது. நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கரி ஏறினால் அது கத்திக்கேற்ற எஃகு. காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் இறுகும், கூர்மை தாங்கும். எஃகு விலை கூடிய காலத்தில் கொல்லர்கள் உடம்பைத் தேனிரும்பில் அடித்து, வாய்க்கு மட்டும் ஒரு கீற்று எஃகைச் சேர்த்துப் பற்றவைத்தார்கள். லாரி ஓடத் தொடங்கிய பிறகு கழித்துப் போட்ட பட்டைகள் வந்தன. லாரியின் பாரத்தைத் தாங்கும் அந்த வில்லெஃகில் ஏறக்குறைய 0.6 சதவீதம் கரி உண்டு. இன்றைக்குப் பட்டறைகளில் அடிக்கும் அரிவாள்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டையிலிருந்து பிறந்தவை.

இதற்கெல்லாம் முன்னால் இந்த மண்ணில் மூசையில் உருக்கிய எஃகு இருந்தது. ஒன்றரை சதவீதம் வரை கரி ஏறிய அந்த எஃகை ஐரோப்பியர்கள் ‘வூட்ஸ்’ என்றார்கள். பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் அதை உருக்கிய இடத்தை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அடையாளம் கண்டு 1990களில் எழுதினார். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரி இந்த எஃகின் ரகசியம் தேடி மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்தார். 1820இல் இருவரும் எஃகுக் கலவைகள் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். மின்சாரத்தால் உலகப் புகழ் பெற்ற ஃபாரடே, கொல்லர் வீட்டுப் பிள்ளை.

இன்னொரு முடிச்சு பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசையா ஹீத் 1830இல் அங்கே இரும்பு ஆலை தொடங்கினார். இங்கிலாந்து திரும்பியதும், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு கத்திகள் நல்ல எஃகில் மலிவாக வந்ததற்கு அந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு. அலமாரியில் துருப்பிடித்த ஷெஃபீல்டு கத்தி கிடந்தால் அதைக் கையில் எடுக்கும்போது பரங்கிப்பேட்டையையும் நினைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் நான்கு சோதனை

முதலில் தட்டிப் பாருங்கள். கோடாலித் தலையை ஒரு நூலில் தொங்கவிட்டு ஆணியால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். இரண்டாவது, காம்பு நுழையும் கண்ணைப் பாருங்கள். அதன் ஓரங்களில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். மூன்றாவது, முதுகை ஒரு கண்ணால் நோட்டம் விடுங்கள். வளைந்த கத்தியை நிமிர்த்துவது புதியவர் வேலை கிடையாது. நான்காவது, நல்ல அரம் ஒன்றை வாயில் லேசாக ஓட்டுங்கள். அரம் சறுக்கினாலும் சிரமப்பட்டுக் கடித்தாலும் எஃகு உயிரோடிருக்கிறது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஒன்று தீயில் கிடந்தது, அல்லது எஃகுக் கீற்று முழுவதும் தேய்ந்துபோய்த் தேனிரும்பு மட்டும் மிச்சம்.

மேலாகப் படிந்த துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். வாய் ஓரத்தில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

துருவில் இரண்டு நிறம் உண்டு. செந்துரு பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பை மேலும் மேலும் தின்னும். கருமை அப்படியில்லை. மாங்காய், வாழைப்பூ, பாக்கு என்று ஆண்டுக்கணக்கில் நறுக்கியதில் அவற்றின் துவர்ப்பும் புளிப்பும் இரும்போடு வினைபுரிந்து படிந்த மெல்லிய போர்வை அது. ஓரளவு இரும்பைக் காக்கவும் செய்யும். செந்துருவை எடுங்கள், கருமையை விடுங்கள். பளபளவென்று கண்ணாடிபோல் தேய்த்த பழைய கத்தி புதிதாகத் தெரியும். ஆனால் அதன் வயது போய்விடும். போன வயதைத் திரும்ப ஏற்ற வழியில்லை.

இலேசான துருவுக்குத் தேங்காய் எண்ணெயும் நைசான இரும்பு நாரும் போதும். கனத்த துருவுக்கு வினிகர். பிடியைக் கழற்றிவிட்டு, இரும்பு மட்டும் மூழ்கும்படி ஓரிரவு ஊறவைத்து, காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் துரு சேறாகக் கழன்று வரும். புளிக்கரைசலும் வேலை செய்யும், நேரம் கூடும். நாள்கணக்கில் ஊறப் போட்டால் அமிலம் துருவோடு நிற்காது, நல்ல இரும்பையும் அரிக்கும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, துடைத்து, அந்த நிமிடமே வெயிலில் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். ஈரத்தோடு விட்டால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புதுத்துரு பூத்துவிடும்.

இந்தக் குளியலில் சில பழைய கொடுவாள்கள் ஒரு விருந்தும் வைக்கும். அமிலம் பட்டதும் எஃகு கறுக்கும். தேனிரும்பு சாம்பல் நிறத்தில் நார்நாராகத் தெரியும். இரண்டும் சேர்ந்த கோடு வாயோரமாக ஓடும். பெயர் தெரியாத ஒரு கொல்லர் எஃகைப் பற்றவைத்த இடம் அது. அதற்குமேல் அரம் போடாதீர்கள்.

கருக்கரிவாளுக்குத் தனி எச்சரிக்கை. அதன் வாயில் உளியால் வெட்டிய பொடிப் பற்கள்தான் கருக்கு. மழுங்கிவிட்டதென்று கல்லில் தீட்டினால் பற்கள் போய்விடும். பிறகு அது நெல் அறுக்காது. கருக்கு வெட்டத் தெரிந்த கொல்லரிடம் கொடுப்பதே வழி.

வாய் வைப்பது

என் முதல் கைக்கோடாலியை நானே கெடுத்தேன். மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்தேன். வாயோரம் நீலம் பாரித்தது. அழகாக இருக்கிறதென்று நினைத்து ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீலம் ஏறிப்போச்சு சார். தோய்ச்சல் எறங்கிடுச்சு. இனிமே மரத்துல பட்டா மடங்கும்” என்றார்.

காரணம் எளிது. துலக்கிய எஃகு சூடேறும்போது ஏறக்குறைய 220 டிகிரியில் வைக்கோல் நிறம் பெறும், 300 டிகிரிக்குப் பக்கத்தில் நீலமாகும். தோய்ச்சலில் ஏறிய இறுக்கம் சூடு ஏற ஏற இறங்கிக்கொண்டே வரும். சாணைச் சக்கரம் மெல்லிய வாயை ஒரு நொடியில் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே தொடங்குகிறவருக்கு ஓர் அரமும், ஒருபக்கம் கரடும் மறுபக்கம் நைசுமாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தீட்டுக்கல்லும் போதும். கை தாங்க முடியாத சூடு ஏறினால் நிறுத்தித் தண்ணீரில் நனையுங்கள்.

கோணம் முக்கியம். அடுக்களைக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. கத்தி அறுக்கிறது, மெல்லிய வாய் போதும். கோடாலி பிளக்கிறது, கத்தியைவிடத் தடித்த வாய் இல்லாவிட்டால் கணுவில் பட்டுப் பல் விழும். பாகைமானி இல்லையா? ஒரு காகிதத்தின் மூலையை இரண்டு முறை சரிபாதியாக மடியுங்கள். 90 பாகை 45 ஆகி, இருபத்திரண்டரையில் நிற்கும். கல்லில் கத்தியைச் சாய்க்க அதை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ச் சாணைக்காரர்கள் ஒருகாலத்தில் குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சக்கரம் செய்தார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கல்லுக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே தமிழிலிருந்து போனதுதான்.

பிடியும் காம்பும்

பழைய பிடியில் விரிசல் இல்லையென்றால் மாற்றாதீர்கள். முந்தைய கைகளின் தேய்மானம் அதில்தான் இருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கருவேலமும் புளியும் நல்ல மரங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். மர இழை காம்பின் நீளவாக்கில் ஓட வேண்டும்; குறுக்கே ஓடினால் ஓங்கும்போது முறிந்து தலை பறக்கும். ஆடுகிற தலையைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது பலரும் செய்கிற தவறு. மரம் ஊதிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். புது ஆப்பு அடிப்பதே முறை. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது, அது உள்ளே இறங்கிக் காய்ந்து இறுகும். தேங்காய் எண்ணெய் காயாது. அதை இரும்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் மலையும்

ஆயுத விதிகள் 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான வாய் கொண்ட கத்திகளை ஆயுதமாகக் கருதுகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. குத்துவாள், வாள், பட்டாக்கத்தி பக்கம் போகாமல் வேலைக் கருவிகளோடு நிற்பது புதியவருக்கு நல்லது. வாங்கியதைச் சாக்கில் சுற்றிக் கட்டி எடுத்து வாருங்கள். கையில் கொடுவாளோடு கிரிவலப் பாதையில் நடந்தால், துரு எடுக்கப் போகிறேன் என்று காவலரிடம் விளக்குவது கஷ்டம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. வெளிநாட்டு நண்பருக்குப் பரிசளிக்கும் முன் இது நினைவிருக்கட்டும். உண்மையிலேயே மிகப் பழைய பொருள் என்று தோன்றினால் வினிகரில் போடாமல் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

காம்புக்குக் கட்டை வேண்டுமென்று அண்ணாமலைமேல் ஏற வேண்டாம். அது காப்புக்காடு. விறகு வெட்டியும் தீ வைத்தும் மொட்டையாகிப்போயிருந்த மலை அது. பல ஆண்டுகளாகப் பலர் கன்று நட்டு, கோடையில் தீயணைத்து மறுபடி பச்சையாக்கி வருகிறார்கள். மரம் அறுக்கும் கடையில் துண்டுக் கட்டை கேட்டாலே காம்புக்கு ஆகிவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சந்தையைச் சொல்வதில்லை. ரமணரும் விடியலுக்கு முன்பே ஆசிரம அடுக்களைக்கு வந்து காய் நறுக்க உட்கார்ந்தவர்தான். உங்கள் வீட்டிலும் மிக்ஸியும் காய் நறுக்கும் பலகையும் வந்த பிறகு பரணுக்குப் போன அரிவாள்மணை ஒன்று இருக்கும். அதை இறக்குங்கள். செந்துருவை எடுத்து, கருமையை விட்டு, வாய் வைத்து, அன்றைக்கே ஒரு பூசணிக்காயை நறுக்கிப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் அதற்கு டீக்காசுதான் தருவார்கள்.